ஆணத்தில் தண்ணீரைக் கூட்டுங்கள்

அஸ்ர் தொழுகை முடிந்து நிழல் நீளும் நேரம். அரிசிப் பானையின் மூடியைத் திறந்து பார்க்கிறாள் ஒரு தாய். மாமனார், மாமியார், கணவர், ஆறு மக்கள், தன்னையும் சேர்த்துப் பத்துப் பேர். இராச் சாப்பாட்டுக்கு என்ன ஆக்குவது? கையில் மிச்சமிருக்கும் பணம் எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியும். மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் என்பதும் தெரியும். நம் மஹல்லாக்களில் இந்தக் கணக்கு நடக்காத வீடுகள் எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மார்க்கம் பேசும் பத்திரிகையில் அடுப்படிச் சங்கதி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நாம் என்ன செய்வது? நம் நாயகம் (ஸல்) அவர்களே அடுப்பிலிருக்கும் சட்டியைப் பற்றிப் பேசியிருக்கிறார்களே!

அபூதர் (ரலி) அவர்களுக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் செய்த உபதேசம் முஸ்லிம் ஷரீபில் பதிவாகியிருக்கிறது. ஆணம் காய்ச்சினால் அதில் தண்ணீரைக் கூட்டிக்கொள்ளும்படியும், அண்டை வீட்டாரைக் கவனித்து அவர்களுக்கும் அதிலிருந்து கொடுக்கும்படியும் அவர்களுக்கு ஏவினார்கள். சகோதரிகளே, இதைச் சற்று நின்று கவனியுங்கள். கறியைக் கூட்டச் சொல்லவில்லை. கறி வாங்கக் காசு வேண்டும். தண்ணீரைக் கூட்டச் சொன்னார்கள். ஏழையும் செய்யக்கூடிய காரியம் அது. அப்படிக் கூட்டியதில் தன் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும் பங்கு வைத்துவிட்டார்கள்!

தண்ணீரைக் கூட்டினால் ருசி போய்விடாதா என்று கேட்பீர்கள். வெறும் தண்ணீரை ஊற்றினால் போகத்தான் செய்யும். ஊற்றும் விதம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. தால்ச்சா என்று ஒன்று ஆக்குகிறோமே, அது என்ன? கறியை நெய்ச்சோற்றுக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சிய எலும்பைப் பருப்போடும் காய்கறியோடும் சேர்த்துக் காய்ச்சுகிற ஆணம்தான். இன்று அதை விருந்துக்கு மட்டும் உரியதாக்கிவிட்டோம். வெறும் சோற்றுக்கும் அது எவ்வளவு பொருத்தம்!

பத்துப் பேருக்கு அரை கிலோ எலும்பு போதும். சிறு துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லி வாங்கி, இஞ்சி, பூண்டு, மஞ்சள், உப்புப் போட்டு, தண்ணீரைத் தாராளமாக வைத்து, மூடி, சிறு தீயில் நன்றாக வேகவிட வேண்டும். எலும்பின் சாறு முழுதும் தண்ணீரில் இறங்க வேண்டும். அதற்கு அவசரம் கூடாது. துவரம் பருப்போ கடலைப் பருப்போ 300 கிராம், முன்கூட்டியே ஊற வைத்துவிட்டால் எரிபொருள் மிச்சம். பருப்பு குழைந்த பின் வாழைக்காய், கத்தரிக்காய், சுரைக்காய் என்று அன்றைக்கு மலிவாகக் கிடைத்ததைப் பெரிய துண்டுகளாகப் போடலாம். புளியைக் கடைசியில்தான் கரைத்து ஊற்ற வேண்டும். பருப்பு வேகுமுன் புளி விழுந்துவிட்டால் அது எளிதில் வேகாது. விறகும் காஸும்தான் வீணாகும். இறக்கும்போது வெங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் வாசம் தெரு வரைக்கும் போகும். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் தப்ப முடியாது!

சோற்றுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் கிலோ அரிசி. தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு நியாயவிலைக் கடையில் 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அந்த அரிசியை ஏளனமாகப் பேசுகிறவர்களை நாம் பார்க்கிறோம். நன்றாகக் களைந்து, சற்று ஊற வைத்து வடித்தால் அதுவும் சோறுதான், அல்லாஹ் அளித்த ரிஸ்க்குதான். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழஞ்சோறு ஆயிற்று.

ரமளானில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை எண்ணிப் பாருங்கள். பெரிய தேக்சா நிறைய அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால். கறி என்று பார்த்தால் கொஞ்சம் கொத்துக்கறி. ஆனால் யாருடைய கோப்பையிலாவது கறி வாசம் இல்லாமல் இருக்கிறதா? கறியைத் துண்டாக எண்ணி வைப்பது ஒரு வழி. ருசியாகக் கரைத்து எல்லோருக்கும் கொடுப்பது இன்னொரு வழி. கூட்டுக் குடும்பத்துக்கு இரண்டாவதுதான் சரி. முதல் வழியில் பிள்ளைகளுக்குள் சண்டைதான் வரும்.

ஆக்கிவிட்டோம். இனி உண்பது எப்படி? சாப்பிடுகிறோம், வயிறு நிறையவில்லை என்று சஹாபாக்கள் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். தனித்தனியே உண்கிறீர்கள் போலும் என்று கேட்டு, ஒன்றுகூடி அமர்ந்து அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ணும்படியும், அதில் பரக்கத் செய்யப்படும் என்றும் அருளினார்கள். அபூதாவூதில் வந்துள்ள ஹதீது இது. இருவர் உணவு மூவருக்கும், மூவர் உணவு நால்வருக்கும் போதுமென்ற செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை பக்கங்களில் விருந்தென்றால் இன்றும் சஹன் வைத்துச் சிலராகச் சுற்றி அமர்கிறார்கள். விருந்துக்கு வைத்துக்கொண்ட இந்த சுன்னத்தை வீட்டில் கைவிட்டோம். மூத்தவன் ஏழு மணிக்கு, அடுத்தவன் ட்யூஷன் முடிந்து எட்டரைக்கு, வாப்பா இஷாவுக்குப் பின், இளையவள் கைப்பேசியைப் பார்த்தபடி எப்போதோ! முதலில் வந்தவர் தட்டில் எலும்பும் காயும் குவிகின்றன. பின்னால் வருபவருக்குச் சாறு. கடைசியில் சட்டியின் அடி.

அந்தச் சட்டியின் அடி யாருக்கு? இதைச் சொல்லத்தான் நாம் இவ்வளவு தூரம் வந்தோம்.

பத்துப் பேருக்கு ஆக்கியவள் அன்றிரவு என்ன சாப்பிட்டாள் என்று எந்த வீட்டில் கேட்கிறார்கள்? ஒட்டியிருக்கும் ஆணத்தில் ஒரு கைச் சோற்றைப் போட்டுப் பிசைந்து, அடுப்படியிலேயே குந்தி உண்டு எழுகிறாள். சில நாள் அதுவுமில்லை. “எனக்குப் பசியில்லை வாப்பா” என்று மகனிடம் சொல்லிவிடுகிறாள். இதைப் பொறுமை என்று நாம் புகழ்கிறோம். பரிமாறுகிறவர் கடைசியில்தான் பருக வேண்டும் என்று ஹதீதே இருக்கிறதே என்று ஆதாரமும் காட்டுகிறோம்!

அந்த ஹதீதை முழுதாகப் பாருங்கள். ஒரு பயணத்தில் மக்கள் தாகத்தால் தவித்தபோது நபி (ஸல்) அவர்கள் தண்ணீரை ஊற்ற, அபூகதாதா (ரலி) அவர்கள் எல்லோருக்கும் வழங்கினார்கள். இருவர் மட்டுமே எஞ்சியபோது, நீர் பருகும் என்றார்கள் அண்ணலார். தாங்கள் பருகாமல் நான் பருகேன் என்றார்கள் அபூகதாதா (ரலி). அப்போதுதான் வழங்குபவரே கடைசி என்ற சொல் பிறந்தது. அதன்படி அபூகதாதா (ரலி) பருகினார்கள். அவர்களுக்கும் பின்னால் பருகியவர்கள் யார்? அந்தக் கூட்டத்தின் தலைவராகிய நபி (ஸல்) அவர்கள்!

புகாரியில் பால் கோப்பையின் சம்பவமும் இதுவே. பசியால் துவண்டிருந்த அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் திண்ணைத் தோழர்களை அழைத்து வரச் சொன்னார்கள். ஒரு கோப்பைப் பால் அத்தனை பேருக்கும் போனால் பரிமாறும் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவர்கள் மனம் கலங்கினார்கள். ஒவ்வொரு தாய்க்கும் அந்தக் கலக்கம் தெரியும். எல்லோரும் பருகியபின் நாயகம் (ஸல்) அவர்கள் அபூஹுரைராவை உட்கார வைத்து, பருகும், இன்னும் பருகும் என்று, இனி இடமில்லை என்று அவர்கள் சொல்லும்வரை பருகச் செய்து, மீதத்தைத் தாங்கள் பருகினார்கள்.

ஆக, சகோதரர்களே, வீட்டில் கடைசித் தட்டு யாருடையது? குடும்பத் தலைவர் என்ற பட்டத்தைச் சுமப்பவர் நீங்களல்லவா? சட்டியை இறக்கியதும் ஆக்கியவளின் பங்கை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைக்கச் சொல்லுங்கள். அவள் வைக்க மாட்டாள். நீங்களே எடுத்து வையுங்கள். கருவுற்றவளாகவோ பாலூட்டுபவளாகவோ இருந்தால் இது இன்னும் கட்டாயம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். “இன்றைக்கும் பருப்புத்தானா?” என்று முகம் சுளிக்கும் வழக்கம் சில ஆண்களுக்கு உண்டு. அண்ணலார் ஒருபோதும் உணவைக் குறை கூறியதில்லை. பிடித்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டபோது காடியைத் தவிர வேறொன்றுமில்லை என்றார்கள் வீட்டார். அந்தக் காடியையே கொண்டுவரச் சொல்லி, மெச்சி மெச்சி உண்டார்கள். கடைத்தெருவில் தனக்கென்று ஒரு பிரியாணி தின்றுவிட்டு வந்து வீட்டில் பசியில்லை என்பவர்களைப் பற்றி எழுத நமக்கு மனம் வரவில்லை.

ஆணம் ஆறிவிட்டது, பாத்திரமும் கழுவியாயிற்று. திரிகை சுற்றிக் கை காய்த்துப்போன ஃபாத்திமா நாயகி (ரலி) அவர்கள் ஒரு பணியாள் கேட்டு வந்தபோது, படுக்கைக்குச் செல்கையில் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 ஓதும்படியும், பணியாளைவிட அது மேலானது என்றும் தந்தையார் கற்பித்தார்கள். மனைவிக்கு உதவாமலிருக்க இதை எந்தக் கணவரும் சாக்காக்க வேண்டாம். கற்பித்த அந்த நபியே வீட்டு வேலைகளில் கை கொடுத்தவர்கள் என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சாட்சியம். அந்தத் திக்ரு மனைவிக்கு மட்டும் சொல்லப்பட்டதுமல்ல. அலீ (ரலி) அவர்களும் உடனிருந்தே கேட்டார்கள். அன்றிலிருந்து அதைத் தாம் விட்டதேயில்லை என்றார்கள். ஹிஜ்ரி 37-இல் நடந்த ஸிஃப்பீன் போரின் இரவிலுமா என்று கேட்டபோது, அந்த இரவிலும் விடவில்லை என்றார்கள்.