சுவைப்பதற்காகவே சுவைத்தல்

பாரிஸில், செய்ன் நதியின் இடக்கரையில் உள்ள சேன்-ஜெர்மேன்-தே-பிரே பகுதியில் சாக்லேட்டும் பேஸ்ட்ரியும் சுவைத்தபடி செல்லும் நடைப்பயணங்கள் நடத்தப்படுகின்றன. வழிகாட்டி முன்னே நடக்க, சிறு குழு ஒன்று கடை கடையாக நின்று போகும். ஓரிடத்தில் கட்டைவிரல் அளவு சாக்லேட், அடுத்த இடத்தில் ஒரு மக்கரோன், பிறகு நாலாக வெட்டிய எக்லேரில் ஒரு துண்டு. கடிக்காமல் நாக்கில் கரையவிடச் சொல்வார் வழிகாட்டி; முதலில் வரும் புளிப்பையும் கடைசியில் தங்கும் கசப்பையும் கவனிக்கச் சொல்வார். பசியாற்றுவதோ உடம்பைத் தேற்றுவதோ இங்கே நோக்கமல்ல. சுவை ஒன்றுதான் நோக்கம். இப்படி உண்பது குற்றமா என்ற கேள்வி கிறிஸ்தவ ஒழுக்கவியலில் மிகப் பழையது. அந்த வழக்கின் சூடான பகுதிகள் சில பாரிஸிலேயே நடந்தன.

தலையான பாவங்கள் ஏழில் ஒன்று போசனப்பிரியம். 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியார், யோபு நூலுக்கு எழுதிய விளக்கவுரையில் அதற்கு ஐந்து வழிகளைக் காட்டினார்: வேளை வருமுன் உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, பக்குவத்தில் அளவுமீறிய நுணுக்கம் காட்டுவது, அளவுக்கு மேல் உண்பது, ஆவலாகப் பறந்து உண்பது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதே பட்டியலை எடுத்து விரித்தார். இடக்கரையிலேயே இருந்த டொமினிக்கன் மடத்தில் தங்கி அவர் பாடம் சொன்ன ஆண்டுகள் அவை.

சுவை நடையை இந்த ஐந்திலும் நிறுத்திப் பார்த்தால் தீர்ப்பு விநோதமாக அமைகிறது. பாவம் என்றதும் யாருக்கும் நினைவுக்கு வரும் பெருந்தீனி இங்கே இல்லை. பறந்து உண்பதும் இல்லை. விலையுயர்ந்தது என்பதிலும் நுணுக்கப் பக்குவம் என்பதிலும் தப்பவே முடியாது. அந்த இரண்டும் இல்லாவிட்டால் நடையே இல்லை. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் உண்பதால் முதல் குற்றமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் கிரகோரியாரே ஒரு தடையையும் போட்டு வைத்திருக்கிறார். விவிலியத்தின் ஏசா தன் மூத்த மகன் உரிமையை விற்றது பயற்றங்கூழுக்காக. மலிவான உணவுதான், பொருள் எளிதாக இருந்தும் ஆசை அவனைக் கவிழ்த்தது. அக்குவினாஸும் குற்றத்தைத் தட்டில் தேடவில்லை, ஆசையின் ஒழுங்கில் தேடினார். உணவின்பத்துக்காகக் கடவுளின் கட்டளையையே மீறத் துணிந்தால் அது சாவான பாவம். அவ்வளவு தூரம் போகாவிட்டால் அற்பப் பாவம். இன்பத்தை அடியோடு வெறுத்து இயற்கைக்குத் தேவையானதையும் மறுப்பது இன்னொரு குறை என்றும் அவர் எழுதினார். இந்த இரண்டாவது பாதி பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை.

சாக்லேட் ஐரோப்பாவுக்குப் பானமாகத்தான் வந்தது. வந்ததும் ஒருசந்தி நாளின் சிக்கல் எழுந்தது. ஒருசந்தி நாளில் முழுச் சாப்பாடு ஒருவேளைதான். பானம் நோன்பை முறிக்காது என்பது விதி. சாக்லேட் குடித்தாலோ வயிறு நிறைகிறது. அது பானமா, உணவா? ஸ்பெயினில் அந்தோனியோ தே லெயோன் பினேலோ 1636இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். 1664இல் கர்தினால் பிரங்காச்சியோ, உடம்புக்கு ஊட்டம் தந்தாலும் பானம் பானமே, திராட்சை ரசத்துக்குள்ள சலுகை இதற்கும் உண்டு என்று வாதாடினார். அவர் கணக்குப்படி கோப்பையில் குடிப்பவர் தப்பினார். இன்றைய நடைப்பயணத்தில் கிடைப்பதெல்லாம் கட்டிச் சாக்லேட். அதற்கு அந்த வாதம் உதவாது.

இத்தகைய வாதங்களைப் பாரிஸில் பிளேஸ் பஸ்கால் கிழித்துப் போட்டார். 1656–57இல் பெயர் மறைத்து அவர் வெளியிட்ட ‘மாகாணக் கடிதங்கள்’, சேசு சபை அறநூலார் சிலரின் சலுகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிச் சிரித்தன. உடல்நலம் கெடாதவரை வெறும் இன்பத்துக்காக வயிறு நிறைய உண்ணலாம் என்று அவர்களில் ஒருவரான எஸ்கோபார் தந்த அனுமதியும் அதில் அகப்பட்டது. 1679இல் பாப்பரசர் பதினோராம் இன்னொசெந்து 65 கருத்துகளைக் கண்டித்தபோது இந்தக் கருத்து எட்டாவதாக இடம்பெற்றது. பஸ்கால் தம் வாழ்க்கையிலும் இன்பத்துக்காக உண்பதை விலக்கினார். நாக்குக்கு எது பட்டது என்று கவனிக்காமலே உண்பதைப் பழக்கமாக்கிக்கொண்டார், பிறர் ஒரு பண்டத்தைப் புகழ்ந்தாலே அவருக்குப் பொறுக்காது என்று தமக்கை ஜில்பேர்த் எழுதுகிறார். நடைப்பயண வழிகாட்டிக்கு நேரெதிர் மனிதர் அவர். அக்குவினாஸின் அளவுகோலில் வைத்தால், பஸ்கால் நின்ற இடம் இன்பத்தை அடியோடு வெறுக்கும் அந்த மற்றக் குறைக்கு வெகு அருகில் என்றே சொல்ல வேண்டும்.

துறவு வாழ்க்கைக்குள்ளேயே வேறொரு மரபும் இருந்தது. லொரேன் பகுதியின் நான்சி நகரில், பிரெஞ்சுப் புரட்சி மடங்களைக் கலைத்தபோது, பெனடிக்டின் கன்னியர் இருவர் மக்கரோன் சுட்டு விற்றுப் பிழைத்தார்கள்; ஊர் அவர்களை ‘மக்கரோன் சகோதரிகள்’ என்றே அழைத்தது. பேஸ்ட்ரிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இன்றும் ‘ரெலிஜியூஸ்’ என்ற பெயரில் ஒரு கன்னியாஸ்திரி நிற்கிறாள், ஒரு உருண்டைமேல் இன்னொரு சிறு உருண்டையாக. அடுமனைக்காரர்களின் பாதுகாவலரான அமியான் ஆயர் ஒனோரே கேக்காகியிருக்கிறார். பெல்லே ஊரின் விசிட்டேஷன் மடத்துத் தலைவி ஒருவரைப் பற்றி, நீதிபதியும் உணவறிஞருமான பிரியா-சவரன் 1825 இறுதியில் வெளிவந்த தம் ‘சுவையின் உடலியல்’ நூலில் எழுதுகிறார். சாக்லேட்டை முந்தின இரவே காய்ச்சிப் பீங்கான் பாத்திரத்தில் வைத்துவிட்டால் மறுநாள் பதம் கூடும் என்பது அம்மையாரின் யோசனை. இந்தச் சிறு நேர்த்திக்காகக் கடவுள் கோபிக்கமாட்டார், அவரே முழு நேர்த்தியல்லவா என்றாராம். கிரகோரியாரின் மூன்றாவது குற்றத்துக்கு இதைவிடத் துணிந்த பதில் அந்த வழக்கில் வேறில்லை: பக்குவத்தில் காட்டும் கவனம் படைத்தவனின் குணத்தையே பின்பற்றுகிறது என்கிறது அது.

அதே நூல் பாராட்டும் சாக்லேட்காரர் சுல்பீஸ் தெபோவ். 1800இல் அவர் தொடங்கிய தெபோவ் எ கலே கடை இன்று ரூ தே சேன்-பேர் தெருவில் 30ஆம் எண்ணில் இருக்கிறது. அந்தப் பகுதியின் நடைகளில் அடிக்கடி இடம்பெறுவது. தெபோவ் அடிப்படையில் மருந்தாளர். அரசி மரி-அந்துவனெத் மருந்தின் கசப்பைப் பொறுக்காததால் சாக்லேட்டில் பொதிந்து வில்லையாகக் கொடுத்தார் என்பது கடைக் கதை. சமையல் மருத்துவத்தின் வேடம் பூண்டு ஏமாற்றுகிறது என்று பிளேட்டோ ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சோக்ரதீஸைச் சொல்ல வைத்தார். சிறுவர்களை நீதிபதிகளாக வைத்தால் பலகாரக்காரனே மருத்துவனை வென்றுவிடுவான் என்பது அவர் வாதம். தெபோவிடம் இருவரும் ஒரே ஆளாக இருந்தார்கள். மருந்து என்ற சாக்கு பிறகு உதிர்ந்துபோனது; வில்லை மட்டும் நின்றது.

இந்த வழக்கில் கடைசி மனு 2003இல் வத்திக்கானுக்குப் போனது. ரூ து ஷெர்ஷ்-மிதி தெருவின் ரொட்டிக்காரர் லியோனெல் புவாலான் தொடங்கிய முயற்சி அது. 2002 அக்டோபரில் அவர் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த பிறகு மற்றவர்கள் முடித்தார்கள். பெருந்தீனியைக் கண்டியுங்கள், நல்ல உணவில் மகிழ்வதை ஏழு பாவங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அதற்கு முன்பே நோன்பு விதியில் பெரும்பகுதி கரைந்துவிட்டிருந்தது. 1966இல் ஆறாம் பவுல் ஒருசந்தியைத் திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் சுருக்கினார். இன்று தவக்காலத்தின் நாற்பது நாளும் பாரிஸ் சாக்லேட் கடைகளுக்கு மும்முரமான காலம்; ஈஸ்டர் முட்டைகளும் மணிகளும் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கப்படும் நாட்கள் அவைதான்.

உண்பதன் மீதே எழும் இன்னொரு எதிர்ப்பு பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்லுடையது. பார்ப்பதும் உண்பதும் மனிதனுக்கு இரு வேறு செயல்கள், அழகைப் பார்த்து நிற்காமல் தின்ன முயல்வதே தீமையின் வேராக இருக்கலாம், ஏவாள் தொடங்கியதும் அதுதான் என்று அவர் எழுதினார். ஆனால் நாக்கு என்ற புலனுக்கு அழித்து அறிவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு துண்டை நான்காக வெட்டி, பேச்சை நிறுத்தி, கரையும்வரை காத்திருப்பது வாயால் கூடிய மட்டும் பார்ப்பதற்கு நெருக்கமானது. சுவை நடைக்குத் தத்துவ நியாயம் ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

அந்தக் கவனம் எதுவரை செல்கிறது என்று பார்க்கும்போது வழக்கு வேறு திசைக்குத் திரும்புகிறது. கிரகோரியாரின் ஐந்தும் உண்பவரின் ஆன்மாவைப் பற்றியவை. விளைவித்தவர் அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பலகாரங்களை இனிப்பாக்கிய சர்க்கரை, சேன்-தொமேங்கு போன்ற கரீபியக் குடியேற்றங்களின் அடிமைத் தோட்டங்களில் விளைந்தது. 1759இல் வோல்தேர் ‘கந்தீத்’ நாவலில் கையும் காலும் இழந்த அடிமையைப் பேச வைத்து, ஐரோப்பியர் உண்ணும் சர்க்கரையின் விலை அதுதான் என்று காட்டினார். இன்று உலகக் கொக்கோவில் பாதியளவோ அதற்கு மேலோ கோத் திவாரிலிருந்தும் கானாவிலிருந்தும் வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகம் சார்ந்த நார்க் ஆய்வு நிறுவனம் 2020இல் தந்த அறிக்கை, அந்த இரு நாடுகளின் கொக்கோ வேலையில் குழந்தைத் தொழிலாளர் ஏறத்தாழ 15.6 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. உயர்தரக் கடைகள் மடகாஸ்கர், வெனிசுவேலா, எக்குவடோர் கொட்டைகளையும் நிறையப் பயன்படுத்துகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அட்டையில் நாட்டின் பெயரும் கொக்கோ விழுக்காடும் இருக்கும். பறித்தவருக்குக் கிடைத்த கூலி இருக்காது.

பிறர் செய்யும் தீங்கில் பங்கு என்ற கேள்வியும் பாப்பரசர் இன்னொசெந்தின் அதே 1679ஆம் ஆண்டுக் கண்டனப் பட்டியலில் இருக்கிறது: எசமானன் ஒரு பெண்ணைக் கெடுக்க ஜன்னலேற, தெரிந்தே ஏணி பிடித்துக்கொடுக்கும் வேலைக்காரன் பெரும் நஷ்டத்துக்குப் பயந்து அதைச் செய்தால் சாவான பாவமில்லை என்ற கருத்தைத் திருச்சபை 51ஆவதாகக் கண்டித்தது. 18ஆம் நூற்றாண்டில் அல்போன்ஸ் லிகோரியார் இதற்கு அளவைகள் வகுத்தார். தீய நோக்கத்தில் உடன்படுவது ஒன்று, நோக்கத்தில் சேராமல் செயலுக்கு மட்டும் உதவுவது வேறு. இரண்டாவதில் உதவி எவ்வளவு நெருக்கமானதோ அவ்வளவு கனமான காரணம் வேண்டும். சாக்லேட் சுவைப்பவர் தோட்டத்திலிருந்து பல கைகள் தள்ளி நிற்கிறார். அது அவருக்குச் சாதகம். அவர் காட்டக்கூடிய காரணமோ இன்பம் ஒன்றுதான். காரணங்களில் அதைவிட இலேசானது இல்லை. கொட்டையைத் தோட்டத்தில் நேரடியாக வாங்கி வறுக்கும் கடைகள் பாரிஸில் பெருகிவருகின்றன. அங்கே இந்தத் தூரம் குறைகிறது. கூலி என்ன என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஆளும் கல்லாவுக்குப் பின்னாலேயே நிற்கிறார்.