பார்க்க ஒன்றுமில்லாத இடம்

2024 மே 7ஆம் தேதியிலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. அடுத்த ஆண்டு கோடையில் எண்ணிக்கையும் சேர்ந்துகொண்டது: நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. செய்தி வந்த அன்று எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் ஒருவர் கேட்டார்: “நம்ம நாட்டுல இருக்கிற மலையைப் பார்க்க நமக்கே பாஸா?”

கேலியாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. இந்தியா முழுவதும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தருகிறது. பொதுநலன் கருதி அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. சட்டத்தின் வேலை அதோடு முடிந்துவிடும். ஓர் இடத்தைப் பார்க்க வருகிறவனுக்கு அந்த இடத்தின் மேல் எவ்வளவு உரிமை என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

என் தொழிலில் இந்த எண்ணிக்கை வரம்புக்குப் பெயர் ரேட் லிமிட்டிங். சர்வர் தாங்காது என்றால் நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கைதான் என்று கட்டுப்படுத்துவோம். மலை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூர் ஐஐஎம்முக்கும் போயிருக்கிறது. தண்ணீருக்கும் குப்பைக்கும் பார்க்கிங்குக்கும் அந்தக் கணக்கு அவசியம்தான். ஆனால் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைத்தான் எண்ண முடியும். வருகிறவர்கள் மலையிடம் என்ன கேட்கிறார்கள் என்பது எந்த வரம்புக்குள்ளும் வராது.

நாம் ஊட்டியிடம் கேட்பது என்ன? ‘இயற்கை’ என்போம். அங்கே இயற்கை என்று நாம் பார்த்துவிட்டு வருவதைக் கொஞ்சம் பட்டியல் போடலாம். ஜான் சல்லிவன் 1820களில் உருவாக்கிய ஏரி. 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. யூகலிப்டஸும் வாட்டிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. கூடலூர் சாலையில் எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கும் பைன் காடு, ஆள் வைத்து நட்டது. மரங்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே தெரியும். அதாவது, இருநூறு வருடமாக இந்த மலை, பார்க்க வந்தவர்களின் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு இங்கிலாந்து மாதிரி இருக்க வேண்டியிருந்தது. நமக்கு சினிமாப் பாட்டு மாதிரி இருக்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்பு இங்கே என்ன இருந்தது? சரிவெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு. காலனிய வனத்துறையின் கண்ணுக்கு அந்தப் புல்வெளி வெறும் தரிசு. மரம் நட்டால்தான் அதற்குப் பயன் என்று நினைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நடுவது நிற்கவில்லை. எஞ்சியிருக்கும் புல்வெளியைக் காட்டினால் இன்றைக்கு நம் ஆட்களும் அதையேதான் சொல்வார்கள்: “அங்க என்னடா இருக்கு? வெறும் புல்லு.”

அந்த வெறும் புல்தான் மழையை வாங்கி மண்ணில் இறக்குகிறது. சோலையும் சேர்ந்து அதை மெதுவாக ஓடைகளில் விடுகிறது. இந்த மலையில் பிறக்கும் பவானியின் குறுக்கே பில்லூர் அணை. அங்கிருந்து கோவைக்குக் குடிநீர் போகிறது. கோவைக்காரர் ஒருவர் ‘ஒண்ணுமே இல்ல’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தால், அவர் வீட்டுக் குழாயில் வருவதில் கொஞ்சம் அந்த ‘ஒண்ணுமே இல்ல’யிலிருந்து வருவதுதான். தோடர்களுக்கு அது எருமை மேயும் இடம். அவர்கள் கோயிலின் கூரைக்கான புல்லும் மலையில்தான் விளைகிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. சோலை, புல்வெளி என்று விவரம் தெரிந்தவன் நல்ல பயணி, தெரியாதவன் கூட்டம் என்று பிரிப்பது ரொம்ப சுலபம். என் அம்மா முதன்முதலாகப் பனிமூட்டத்தைப் பார்த்தது ஐம்பது வயதுக்கு மேல். வாட்டிலுக்கும் சோலைக்கும் வித்தியாசம் அம்மாவுக்குத் தெரியாது. “மேகத்துக்குள்ள நின்னுட்டு வந்தேன்டா” என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தைவிடத் தாவரவியல் பெயர் தெரிந்தவனின் சந்தோஷம் உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்க சமையலறையைத் தாண்டாதவர்கள் ஒருமுறை மலையேறி வருவதற்குத் தகுதித் தேர்வு வைக்க முடியாது. அந்த வண்டிகளை நம்பி கேரட் விற்பவர்களும் அறை வாடகைக்கு விடுபவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே பார்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்றே நினைக்கிறேன். நான் சந்தேகப்படுவது அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னோர் உரிமையை: போகிற இடம் நமக்குப் பிடித்த மாதிரி இருந்தாக வேண்டும் என்பது. முதலாவதற்குப் பாஸ் போதும். இரண்டாவது உரிமைக்கு ஏரி வெட்ட வேண்டும், மரம் நட வேண்டும், சரிவை அறுத்து ரிசார்ட் கட்ட வேண்டும். அதை விட்டுக்கொடுப்பதில் அம்மாவின் மேகத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. மேகம் யாரும் நட்டதில்லை.

இது வெறும் யோசனையாக நிற்கப்போவதில்லை. தமிழ்நாட்டுக் காடுகளிலிருந்து அந்நிய மரங்களை அகற்றும் வேலை நீதிமன்றத்தின் கவனத்தில் நடந்துகொண்டிருக்கிறது. வாட்டிலை வெட்டிய சரிவு புல் பிடிக்கும்வரை மொட்டையாக, பார்க்கச் சகிக்காமல்தான் இருக்கும். நாளைக்கு அந்தப் பைன் காட்டையும் எடுத்துவிட்டுப் புல்வெளியாக்கலாம் என்றால் நாம் சம்மதிப்போமா? “டூரிசம் போச்சே” என்ற குரல் உள்ளூரிலிருந்து மட்டும் வராது, நம் போனிலிருந்தும் வரும்.

2018இல் மூணாறு, கொடைக்கானல் பக்கத்துப் புல்வெளிகளில் குறிஞ்சி பூத்தபோது கூட்டம் அலைமோதியது. அதற்கு முந்தைய பன்னிரண்டு வருடம் அதே சரிவுகளைப் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் பலரும் கடந்து போயிருப்பார்கள். அந்தப் பூ அடுத்து 2030இல். அதுவரை அங்கே வெறும் புல்தான் இருக்கும். இருந்தாக வேண்டும்.