ஒன்றும் நடக்காமல் இருக்க

வண்டியை வீட்டிலேயே சர்வீஸ் பண்ணினால் என்ன மிச்சம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் பிடிப்பதில்லை. காசு பெரிதாக மிச்சமாவதில்லை. ஆயில் எப்படியும் வாங்கித்தான் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலை போய்விடும். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு செவ்வாய்க்கிழமை வரை போகாது.

என்னுடையது கார்புரேட்டர் காலத்து ஸ்பிளெண்டர். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் இந்த ரக வண்டிகளும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. சென்சார் கோளாறை வாசலில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அது மெக்கானிக் பாடு. ஆனால் செயின், பிரேக், காற்று, ஆயில் எல்லாம் இன்னும் நம் கைக்கு எட்டுபவைதான். (கழித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க எவ்வளவு நேரமாகும்?)

செயினையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கைவைப்பவர்கள் அதை வீணைத் தந்தி மாதிரி முறுக்கிவிடுவார்கள். தொய்வு என்றாலே குறை என்று நமக்கொரு நினைப்பு. ஆள் ஏறி, வண்டி பள்ளத்தில் இறங்கி எழும்போது ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் போகிறது. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறுகிறது. அதற்காகத்தான் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் விட்டுவைப்பது. விடாவிட்டால் பேரிங் அடிவாங்கும். செயினும் சுற்று முழுக்க ஒரே சீராகத் தேய்வதில்லை. சக்கரத்தைச் சுழற்றி, எங்கே அதிகமாக இறுகுகிறதோ அங்கே அளக்கவேண்டும். சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் டிரம் பிரேக் வண்டியில் பிரேக் ராடும் இழுபட்டு பிரேக் தானாக இறுகிவிடும். ஒன்றைத் தொட்டால் அடுத்ததையும் பார்க்காமல் எழுந்திருக்க முடியாது.

இவ்வளவும் செய்தபின் திங்கட்கிழமை என்ன நடக்கும்? வண்டி வழக்கம்போல ஓடும். அவ்வளவுதான். ரிப்பேர் பார்ப்பவருக்கு ஒரு வெற்றி உண்டு. நின்ற வண்டி உறுமிக்கொண்டு கிளம்புவதை நாலு பேர் பார்ப்பார்கள். பராமரிப்பவனுக்கு அது கிடையாது. அறாமல் இருந்த செயினை யாரிடம் காட்டுவது? பலன் கண்ணில் படாததால்தான் டயர் காற்றையும், சொத்தைப் பல்லையும், அப்பாவின் சர்க்கரைப் பரிசோதனையையும் ஒரே மனசு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுகிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் என் பெருமைக்கும் ஓர் அளவு வேண்டும். நான் ஸ்பேனரோடு வாசலில் உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்கள் நின்று பேசுகிறார்கள். “நல்ல பழக்கம் சார்” என்கிறார்கள். கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். வருடம் குழாயிலேயே அச்சாகியிருக்கும். எங்கள் வீட்டில் அதைப் படித்து, ஏஜென்சிக்குப் போன் போட்டு, ஆளை வரவழைத்து மாற்றியது என் மனைவி. அன்றைக்கு யாரும் நின்று பார்க்கவில்லை, நான் உள்பட.