ஒப்பமும் உண்மையும்

கூடை நிறைந்ததோடு கொழுந்து கொய்பவரின் ஒரு நாள் உழைப்பு முற்றுப்பெறுவதில்லை. அது தராசில் நிறுக்கப்பட்டு, எடை ஏட்டில் ஏற வேண்டும். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்ததை அடுத்து, பகாங் மாநிலத்துக் கேமரன் மலைச் சரிவுகளில் தேயிலை வளர்த்த தமிழ்த் தொழிலாளர் பலர் எழுத்தறியாதவர். ஏடோ அலுவலகத்தில், கிராணியின் கையில் இருந்தது. தம் எடையை அறிய விரும்பியவர் அவ்விடத்திற்கே செல்ல வேண்டும். அங்கே சொல்லப்பட்டதை நம்பவும் வேண்டும். உண்மை ஓர் இடத்தின் உடைமையாக இருந்தது.

இன்றைய இணையமும் பெரிதும் இவ்வாறே அமைந்துள்ளது. எந்தச் செய்தி வேண்டுமாயினும், அது இருக்கும் கணினியின் முகவரியை நாடியே செல்கிறோம். இதற்கு மாறான ஒரு வழியை 2009ஆம் ஆண்டில் வான் ஜேக்கப்சனும் அவர்தம் குழுவினரும் கட்டுரையாக வெளியிட்டனர். 'இன்ன கணினியே, தா' என்று கேளாது, 'இன்ன பெயருடைய செய்தி வேண்டும்' என்று கேட்பது அவ்வழி. வழியிலுள்ள எந்தக் கணினியிடம் படி இருப்பினும் அது விடையளிக்கலாம். அப்படியாயின், விடையை எவ்வாறு நம்புவது? ஒவ்வொரு செய்தித் துண்டிலும் அதை ஆக்கியவரின் மின்னொப்பம் பதிந்திருக்கும். இடையில் ஓர் எழுத்து மாறினும் ஒப்பம் பொருந்தாது. நம்பிக்கை, இடத்தைவிட்டுப் பொருளுக்கே இடம்பெயர்கிறது.

மண்சரிவை அறிந்த மலைநாட்டிற்கு இது பொருத்தமான ஏற்பாடே. சமவெளியோடு தொடர்பு அறுந்தாலும், ரிங்லெட்டில் ஒரு படி இருந்தால் தானா ராத்தாவில் கேட்பவருக்கு அது கிடைக்கும்.

இம்முறையில், பல கணினிகளில் பரந்து இயங்கும் ஓர் எடைக் கணக்குச் செயலியை ஒரு தோட்டத்திற்கு வகுப்பதாகக் கொள்வோம். வகுப்பவர் முதலில் பெயர்களை அமைப்பார்: தோட்டம், பிரிவு, நாள், தொழிலாளர் எண், எடை. அடுத்து, எந்தப் பெயரின்கீழ் எவர் ஒப்பமிடலாம் என்று விதிப்பார். கணினி வல்லுநர் இதனை நுட்பச் செய்தி என்று எண்ணிக் கடந்துவிடக்கூடும். அறவினா பிறப்பதோ இங்கேதான்.

ஒப்பம், சொல் எவருடையது என்பதை மெய்ப்பிக்கும். சொல் மெய்யா என்பதை மெய்ப்பிக்காது. 28 கிலோ கொழுந்துக்கு 24 என்று எழுதி நிறுப்பவர் ஒப்பமிட்டால், அந்தப் பொய் சிதையாமல், திருத்தப்படாமல், மலையெங்கும் படிகளாகப் பரவும். கேட்குமிடமெல்லாம் பிழையற்ற ஒப்பத்தோடு வந்து நிற்கும். பழைய ஏட்டிலாவது அடித்தெழுதிய தடம் கண்ணுக்குத் தெரிந்தது!

'விதி நிருவாகத்தினுடையது, வகுப்பவன் அதை நிறைவேற்றுபவனே' என்பாருமுண்டு. இவ்வாதம் முற்றிலும் பொய்யன்று. சம்பளம் பெறும் வல்லுநரால் தோட்டத்தை மாற்றியமைக்க இயலாது. ஆயினும் கொய்பவருக்கும் ஒரு பெயர்வெளியும் ஒப்பமும் வேண்டுமா என்ற வினாவை எழுப்ப அவரால் இயலும். எழுப்பாது விட்டால், எழுப்பலாம் என்பதே பிறருக்குத் தெரியாமற் போகும். அறியாமையால் ஒப்புவோர்முன், அறிந்தவரின் வாளாமை நடுநிலையாகாது.

இரண்டு ஒப்பங்கள் இருப்பின் ஊதியக் கணக்கு இரண்டையும் கேட்கும். ஒன்று வரவில்லையெனில் கணக்கு முடியாது. மறுப்பு எழுந்தால் பழைய துண்டை அழிக்க வேண்டுவதில்லை. மறுப்பே புதிய பெயரோடு அதனருகில் நிற்கும். எவர் எவருடைய எடையைக் கேட்கிறார் என்பது வழியிலுள்ள கணினிகளுக்குத் தெரியக்கூடும் என்பதால், பெயரில் எதைச் சேர்ப்பது என்பதிலும் அடக்கம் வேண்டும்.

இவ்வளவும் அமைந்தபின்னும் ஓர் இடர் எஞ்சுகிறது. இன்று இம்மலையில் கொய்வோருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் உளர். மொழியறியாத ஒருவரின் ஒப்பத்திறவியை மேற்பார்வையாளரே 'பத்திரமாக' வைத்துக்கொண்டால், இரண்டு ஒப்பமும் ஒரே கையிலிருந்து வரும். செயலி அதனை அறியாது. ஆதலால் திறவி கொய்பவரின் கையிலேயே இருத்தல் வேண்டும். நிறுக்கும் வேளையில் அவர் தராசின் அருகே நிற்க வேண்டும். எண் அவருடைய கண்ணுக்கும் தெரியும்படி தராசு திரும்பியிருக்க வேண்டும்.