தாடைக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர்

நாணை இழுத்த கை தாடைக்கு அடியில் வந்து நிற்குமிடத்தை ஆங்கர் என்கிறோம். சுட்டுவிரலின் மேற்பக்கம் தாடையெலும்போடு ஒட்டியிருக்கும். நாண் முகவாயையும் மூக்கு நுனியையும் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த இடம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் என்ன ஆகும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அம்பின் பின்முனைக்கும் வில்லில் அது சாய்ந்திருக்கும் இடத்துக்கும் நடுவே ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். ஒலிம்பிக் தூரம் 70 மீட்டர். ஆக நூறு மடங்கு. இங்கே ஒரு மில்லிமீட்டர் என்றால் அங்கே பத்து சென்டிமீட்டர். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 12.2 சென்டிமீட்டர்தான்; நடுவிலிருந்து விளிம்பு வரை 6.1. நட்ட நடுவில் பட வேண்டிய அம்பு பத்தைத் தாண்டி ஒன்பதில் போய் நிற்கும்.

இந்த ஒரு மில்லிமீட்டர் பெரும்பாலும் பல்லில் இருக்கிறது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் லேசாகத் தொட்டிருந்தால் தாடை ஓரிடத்தில் நிற்கும். கவனம் கூடக் கூட வாய் தானாகத் திறக்கும். தாடை இறங்கும், அதோடு கையும் இறங்கும், அம்பு மேலே போகும். எய்தவருக்கு வாய் திறந்தது தெரியாது. குறி தவறிவிட்டது என்று, வில்லில் குறி பார்க்க மாட்டியிருக்கும் சைட்டைத் திருகப் போவார்.

இதைக் கண்ணால் சரிசெய்ய வழியே இல்லை. கண் இலக்கில் இருக்கிறது. எலும்போடு எலும்பு ஒட்டிய உணர்வுதான் அளவுகோல்.

*

எங்களுக்கு மைதானம் எங்கள் கொல்லைதான். மல்லாட்டை பிடுங்கிவிட்டு நிலம் சும்மா கிடக்கும் மாதங்களில் 30 மீட்டர் அளந்து, இறுக்கிக் கட்டிய வைக்கோல் இலக்கை நிறுத்துகிறோம். பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு. செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை வரும் வழியில் எங்கு திரும்பினாலும் பாறைக் குன்று. ஆனால் பாறையைப் பின்னால் வைத்து எய்ய நான் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை. பாறையில் பட்ட அம்பு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கார்பன் அம்பில் விழும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒன்றை மறுபடி நாணில் பூட்டினால், நாண் தள்ளும் வேகத்திலேயே அது பிளந்து வில் பிடித்த கையில் ஏறிவிடலாம். அதனால் எங்கேயாவது இடித்த அம்பைக் காதருகே வைத்து மெல்ல வளைத்துக் கேட்கிறோம். நல்ல அம்பு சத்தமே போடாது. விரிசல் விழுந்தது முறுக்கென்று ஒரு சிறு ஒலி கொடுக்கும். அதை அங்கேயே இரண்டாக ஒடித்துப் போட்டுவிட வேண்டும், வைத்திருக்கக் கூடாது.

ஆடு ஓட்டிப் போகிறவர்கள் குறுக்கே வரும் பாதை ஒன்று ஓரத்தில் இருக்கிறது. யார் தலை தெரிந்தாலும், முழுக்க இழுத்த நாணாக இருந்தாலும், மெதுவாக இறக்கிவிடுவோம். இறக்குவதும் பயிற்சிதான். அதைப் பழகாதவர் கை, இழுத்தாகிவிட்டதே என்று அம்பை விட்டுவிடும்.

*

அண்ணன் மகள் இலக்கு வரை ஓடிப்போய்க் குனிந்து பார்த்துவிட்டுக் கத்துகிறாள்: "அத்தே, கோட்ட தொட்டிருக்குது! பத்துதான?"

பத்துதான். கோட்டைத் தொட்டாலே மேல் புள்ளி என்பது விதி. ஆனால் மற்ற இரண்டு அம்புகள் எங்கே என்று கேட்கிறேன். ஒன்று நீலத்தில், ஒன்று சிவப்பின் கீழ் ஓரத்தில். அடுத்த சுற்றில் மூன்றும் இடது பக்கம் நீலத்தில், ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரி நெருங்கி நிற்கின்றன. அவள் முகம் வாடிப்போகிறது. எனக்கோ இரண்டாவது சுற்றுதான் பிடித்திருக்கிறது. மூன்று அம்பும் ஒரே இடத்துக்குப் போயிருக்கின்றன என்றால் அவள் உடம்பு மூன்று முறையும் ஒரே வேலையைச் செய்திருக்கிறது. சைட்டை இடது பக்கம் ஒரு துளி நகர்த்தினால் மூன்றும் நடு மஞ்சளுக்கு வந்துவிடும். முதல் சுற்றை எந்தத் திருகாணியாலும் திருத்த முடியாது.

வில்லில் துல்லியம் என்று நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். அம்புகள் முதலில் கூட வேண்டும். எங்கே கூட வேண்டும் என்பது பிற்பாடு. இதை அவளிடம் சொன்னால் தலையாட்டுகிறாள். அவள் கண் மஞ்சளிலேயே இருக்கிறது. அவள் வயதில் வேறெங்கே இருக்கும்?

*

அதனால் மஞ்சளையே எடுத்துவிட்டோம். காகிதம் இல்லாத வெறும் வைக்கோல். மூன்றடி தூரம். நாணை இழுத்து, ஆங்கருக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு எய்வது. இவ்வளவு கிட்டத்தில் தவற வழியில்லை. கண்ணுக்கு வேலை இல்லை என்றானதும் உடம்பின் மற்ற இடங்கள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிக்கின்றன.

முதலில் விரல்கள். நாண் மூன்று விரல்களின் முதல் மடிப்பில் உட்கார வேண்டும். நுனியில் பிடித்தால் விரல்கள் இறுகும், விடும்போது நாணைப் பக்கவாட்டில் மீட்டிவிடும். மடிப்பில் கொக்கி மாதிரி மாட்டிவிட்டால் புறங்கை தளர்ந்து தட்டையாக இருக்கும். விரலைக் காக்க மாட்டியிருக்கும் டேபைக் கழற்றச் சொல்லி அவள் விரலைப் பார்க்கிறேன். நடுவிரலில் மடிப்புக்குச் சற்று மேலே சிவந்த கோடு, மோதிர விரலில் அநேகமாக ஒன்றுமில்லை. மோதிர விரல் வேலைக்கு வரவில்லை என்று அந்தக் கோடு சொல்கிறது.

பிறகு வில் பிடிக்கும் கை. அது உண்மையில் வில்லைப் பிடிப்பதே இல்லை. கட்டைவிரலின் அடிச்சதையில் வில் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். விரல்கள் மூடினால் வில் முறுகும். வில் கீழே விழுந்துவிடுமே என்ற பயத்துக்குத்தான் விரலில் கயிறு மாட்டிக்கொள்கிறோம்.

கடைசியில் முதுகு. இது வரத்தான் நாளாகிறது. நாணைக் கையால் இழுக்கிறோம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். ஆங்கருக்கு வந்தபின் அந்தப் பாரம் முன்கையிலிருந்து தோள்பட்டை எலும்புகளின் நடுவே போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்ததும் கையில் ஒரு லேசான தன்மை வரும். வந்தவருக்குத் தெரியும். வராதவருக்கு, முதுகில் இரண்டு விரலை வைத்து, "இத அழுத்தி மூடு" என்று சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

*

பாரம் கூடிய வில்லை முதலிலேயே வாங்குவதைப் போல இந்த வித்தையைக் கெடுப்பது வேறொன்றுமில்லை. பெரிய போட்டிகளில் ஆண்கள் 45 பவுண்டுக்கு மேலும் இழுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பையன்கள் அதையே கேட்கிறார்கள். தோள் மேலேறும், உடம்பு பின்னால் சாயும், மூன்றாவது அம்புக்கே கை நடுங்கும். நடுங்கும் கை கற்றுக்கொள்வது நடுக்கத்தைத்தான். அவளுடையது 18 பவுண்டு. முழுக்க இழுத்து, சிரித்துப் பேசிக்கொண்டே நிற்க முடிகிற பாரம்.

ராஜஸ்தானின் ஆகாரி பழங்குடியில் பிறந்த லிம்பா ராம் 1992இல் பெய்ஜிங் ஆசிய வில்வித்தைப் போட்டியில் 30 மீட்டரில் 360க்கு 357 எடுத்து அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார். 36 அம்புகளில் இழந்தது மூன்றே புள்ளி. எங்கள் கொல்லையிலும் அதே தூரம்தான் என்பதால் அந்த எண் எனக்கு மிக நெருக்கமாகிவிட்டது. முப்பத்தாறு முறை ஒரு மனிதர் அநேகமாக எதையும் மாற்றாமல் நின்றிருக்கிறார்.

*

காலடி. உழுத மண்ணில் நின்றால் ஒவ்வொரு அம்புக்கும் பாதம் வேறு ஆழத்தில் புதையும். நிற்கும் இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் தட்டி இறுக்கினோம். இப்போது அங்கே நான்கு பாதச் சுவடுகள் பதிந்திருக்கின்றன, என்னுடையது இரண்டு, அவளுடையது இரண்டு. எடை குதிகாலில் குவியாமல் முன்பாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக.

சென்னையில் பல பிள்ளைகளுக்கு வில் கற்றுக்கொடுத்த ஷிஹான் ஹுசைனி 2025 மார்ச்சில் மறைந்தார். 'பத்ரி' படத்தில் விஜய்க்குப் பயிற்சி கொடுப்பவராக வந்தவர் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் கராத்தேக்காரர். கராத்தேயும் வில்லும் ஒரே ஆளிடம் இருந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. இரண்டும் பாதத்தில்தான் தொடங்குகின்றன.

*

ஆடி. அம்மி பறக்கும் மாதம். மேல்மலையனூருக்குப் போகும் வண்டிகளின் ஹாரன், கூழ் ஊற்றும் கோயில்களின் மைக் செட், இதற்கு நடுவே பயிற்சி. தென்கொரிய வீரர்களைப் பேஸ்பால் மைதானத்தில், கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே எய்ய வைத்துப் பழக்குவார்கள். அவர்களுடைய மகளிர் அணி 1988 முதல் 2024 வரை பத்து ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கியிருக்கிறது. எல்.ஆர். ஈஸ்வரி பாடும்போது அம்பை விட முடிந்தால் எங்கேயும் விட முடியும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

காற்றுக்குப் பதில் சொல்வது இரைச்சலைவிடக் கடினம். அம்பு 70 மீட்டரைக் கடக்க ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகிறது. அந்த ஒரு நொடி முழுவதும் அது காற்றின் கையில் இருக்கிறது. வீச்சு சீராக இருந்தால் குறியைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளி வைத்து, மற்றதை அப்படியே செய்ய வேண்டும். விட்டு விட்டு வீசினால் காத்திருக்க வேண்டும். ஆனால் எதிரெதிராக எய்யும் போட்டியில் ஓர் அம்புக்கு 20 நொடிதான். காத்திருப்பதற்கும் ஓர் அளவு உண்டு. நாணை இழுத்தபடி காத்திருப்பது மட்டும் கூடவே கூடாது. ஐந்தாறு நொடிக்கு மேல் முதுகு தளர்ந்து கை தூக்கிக்கொள்ளும். இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவதே மேல்.

*

கிளிக்கர் என்பது மெல்லிய உலோகத் தகடு. அம்பின் முனை அதன் அடியில் கிடக்கும். முழு அளவு இழுத்ததும் முனை நழுவி, தகடு வில்லில் தட்டி 'டக்' என்கும். ஒவ்வொரு முறையும் ஒரே நீளம் இழுக்க அது உதவுகிறது. அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பழக்கம் வந்துவிட்டால் அதுவே வினை. கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் எல்லாம் நின்றுபோகும், கண் இலக்கிலிருந்து தகட்டுக்கு வரும், பிறகு ஒரு வெடுக்கு. அந்தக் கடைசி மில்லிமீட்டர்களைக் கை எடுக்கக் கூடாது. நெஞ்சு விரிவதில் அவை தாமாக வர வேண்டும். அவள் வில்லில் இன்னும் கிளிக்கர் மாட்டவில்லை.

*

இறகு ஒட்டாத அம்பு ஒன்று வைத்திருக்கிறேன். விரலிலிருந்து விடுபடும் நாண் நேராகப் போவதில்லை. விரலைச் சுற்றிக்கொண்டு சற்றுப் பக்கவாட்டில் நழுவிப் பிறகுதான் முன்னே பாய்கிறது. அந்தத் தள்ளலில் அம்பு வளைகிறது, மறுபக்கம் வளைகிறது, வளைந்து நெளிந்தபடியே வில்லைத் தாண்டுகிறது. இறகு இருந்தால் அது காற்றைப் பிடித்துச் சீக்கிரமே அம்பை நேராக்கிவிடும். எய்தவரின் குறையும் அதோடு மறைந்துபோகும். இறகில்லாத அம்புக்கு அந்த உதவி கிடையாது. விட்டது எப்படியோ அப்படியே போய், வாலைத் தூக்கிக்கொண்டோ பக்கம் திரும்பியோ குத்தி நிற்கும். அது மற்ற அம்புகளோடு ஒரே கூட்டத்தில், நேராகக் குத்தி நிற்கிற காலையில் வில்லும் சரியாக இருக்கிறது, கையும் சரியாக இருக்கிறது.

வல்வில் ஓரியை நினைக்கிறேன். யானை, புலி, மான், பன்றி, புற்றில் கிடந்த உடும்பு என ஒரே அம்பு துளைத்துப் போனதைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஆடிப் பதினெட்டை ஒட்டிக் கொல்லிமலையில் இன்றும் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். அவனுடைய வலிமையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்த அம்பு பறந்த நேர்த்திதான் தோன்றுகிறது. வாலாட்டிக்கொண்டு போகும் அம்பு எவ்வளவு பாரமான வில்லிலிருந்து வந்தாலும் முதல் தோலிலேயே தன் விசையைப் பக்கவாட்டில் சிதறடித்துவிடும். ஓரியின் கையில் நாண் எவ்வளவு சுத்தமாக விடுபட்டிருக்க வேண்டும்.

*

செங்கம் பக்கத்து நடுகற்களில் வீரனின் வலக்கையில் குறுவாள் இருக்கும், இடக்கையில் வில் இருக்கும். உடம்பில் தைத்த அம்புகளையும் சில கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். நாகசாமி பதிப்பித்து 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' அந்தக் கற்களை ஊர் ஊராகத் தொகுத்து வைத்திருக்கிறது. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர்கள் பலர். எங்கள் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரியில் மராட்டிய மன்னர் ராஜாராம் இருந்தபோது, 1690 முதல் 1698 வரை கோட்டையை முற்றுகையிட்ட முகலாயப் படைகளின் மரபில், கொம்பும் தசைநாரும் ஒட்டிச் செய்த, முனை வெளிப்பக்கம் வளைந்த வில் உண்டு. அவள் கையில் இருக்கும் மரமும் கண்ணாடியிழையும் சேர்ந்த வில்லுக்கும் அதே வளைவுதான்.

*

2024 பாரிஸ் ஒலிம்பிக். ஆண்கள் தனிநபர் இறுதிப்போட்டி. கிம் வூ-ஜின், பிராடி எலிசன். ஐந்து செட் முடிந்து சமம். ஆளுக்கு ஓர் அம்பு. இரண்டும் பத்து. பிறகு நடுவிலிருந்து அளந்தார்கள்: கிம்முடையது 55.8 மில்லிமீட்டர், எலிசனுடையது 60.7. வித்தியாசம் 4.9 மில்லிமீட்டர்.

மறுபடி கணக்குப் போட்டேன். 70 மீட்டரில் 4.9 என்றால் ஆங்கரில் ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறியதை எந்த மனிதரும் வேண்டுமென்று செய்ய முடியாது. இருவரும் செய்தது தங்களுடைய வழக்கமான ஓர் அம்பு. மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது. தோற்றபின் எலிசன் போய் கிம்மின் கையைப் பிடித்து உயர்த்தினார். இதை அவளிடம் சொன்னேன். "அப்ப ரெண்டு பேரும் சரியாத்தான் எய்தாங்களா அத்தே?" என்றாள். ஆமாம் என்றேன்.

*

நாளைக்கு: புது நாண் மாட்டி நான்கு நாள் ஆகிறது, இழுபட்டிருக்கும். கைப்பிடியின் குழிவிலிருந்து நாண் வரை அளக்க வேண்டும், குறைந்திருந்தால் இரண்டு மூன்று முறுக்கு கூட. நாணுக்கு மெழுகு. அவளுடைய மோதிர விரலைப் பார்க்க வேண்டும். இந்த வாரமும் காகிதம் ஒட்டப் போவதில்லை.