ஒப்படைத்துப் போதல்

நூற்பாலைகளில் வேலை செய்து பழகிய ராஜபாளையத்துக் குடும்பங்களுக்கு, ஓர் ஆலையை விட்டு மற்றோர் ஆலைக்குப் போவது புதிய செய்தியன்று. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-ஆம் ஆண்டில் ராஜபாளையம் மில்ஸைத் தோற்றுவித்த பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்த அந்த ஊரில், ஷிப்டுக்கு ஆள் குறைந்து, இருவர் பார்க்கவேண்டிய இயந்திரங்களை ஒருவரே ஓடியோடிப் பார்க்க நேர்ந்து, உடம்பு ஓய்ந்த ஒரு தொழிலாளி கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டால், அவரைக் கல்நெஞ்சர் என்று யாரும் பழிப்பதில்லை. அறுந்த இழையை அடுத்து வருகிறவர் இணைத்துக்கொள்வார்; இணைக்காமல் விட்டால் பஞ்சு வீணாகுமேயன்றி ஓர் உயிருக்கும் சேதமில்லை. அதே வீட்டுப் பெண் செவிலியர் படிப்பை முடித்து, ஏதோ ஓர் ஊர் மருத்துவமனையில் சேர்ந்து, இரவு டியூட்டியில் ஒரு வார்டு முழுவதையும் தனியொருத்தியாகச் சுமந்து, சில ஆண்டுகள் கழித்து, "இனி என்னால் முடியாது, விட்டுவிடலாமா?" என்று கேட்கும்போதோ, வீட்டில் ஒரு மௌனம் விழுகிறது. போகலாம் என்று சொல்லவும் நா எழுவதில்லை; இரு என்று சொல்லவும் மனம் வருவதில்லை.

அந்த மௌனத்துக்கு ஆதாரம் உண்டு. வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தை முடிக்கும் குறளில், நோயாளி, மருத்துவன், மருந்து என்ற மூன்றோடு நிறுத்திக்கொள்ளாமல், அருகிருந்து பணி செய்பவனையும் மருத்துவத்தின் ஓர் அங்கமாகவே வைத்தார். பரிமேலழகர் அவனுக்கு வேண்டிய குணங்கள் நான்கு என்றார்: நோயாளியிடத்து அன்பு, மனமும் மொழியும் மெய்யும் தூய்மையாயிருத்தல், சொல்லியதைச் சொல்லியபடி செய்யும் வன்மை, அறிவு. அங்கம் என்று சொன்ன பிறகு, அது தானே கழன்றுபோகலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆனால் அந்த நான்கு குணங்களையும் சற்று நிதானமாகப் பார்த்தால், அன்பும் தூய்மையும் அறிவும் களைத்துப்போன மனுஷியிடத்திலும் ஒருவாறு எஞ்சியிருக்கக்கூடும் என்பதும், மூன்றாவதாகிய வன்மை மட்டும் உறக்கமில்லாத இரவுகளில் முதலில் தேய்ந்துபோகிறது என்பதும் விளங்கும். இரண்டு மணிக்குப் போடவேண்டிய ஊசி மூன்றரைக்குப் போடப்படுகிறது; ஒரு படுக்கையில் குளுக்கோஸ் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறுவதை, வேறொரு படுக்கையில் மூச்சுத் திணறுகிறவரைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பார்க்க முடிவதில்லை. ஆள் இடத்தில் இருந்தும் அங்கம் முறிந்துதான் கிடக்கிறது. தம் கை தவறத் தொடங்கிவிட்டது என்று அறிந்த ஒருவர், நோயாளியின் பொருட்டே விலகி நிற்கக் கடமைப்பட்டவர் என்று சொல்வது மிகையாகாது.

எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லாமல் இல்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய செவிலியர் மன்றம், பொது மருத்துவமனைகளில் ஐந்து படுக்கைக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மூன்று படுக்கைக்கு ஒருவர் என்று அளவு வகுத்து, அதற்கு மேலும் விடுப்பை ஈடுசெய்ய 30 சதவீதம் பேர் வேண்டும் என்றது. இந்த 30 சதவீதத்தைத்தான் நான் அறத்தின் பாகமாக மதிக்கிறேன். பணி செய்கிறவர்களுக்கும் காய்ச்சல் வரும், பிரசவம் உண்டு, தாய் தகப்பன் இறப்பார்கள் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட எண் அது. அந்த இருப்பு இல்லாத இடத்தில், ஒருவர் எடுக்கும் நியாயமான விடுப்பு மற்றொருவரின் உறக்கத்திலிருந்து பறித்ததாகிவிடுகிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குப் போனவள், தனக்காக இரண்டாவது ஷிப்டும் நின்ற தோழியின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறாள். உரிமையாக இருந்ததைக் குற்றமாக மாற்றிவிடுவதே ஆள் பற்றாக்குறை செய்யும் பெருந்தீங்கு.

ஆகையால், விட்டுப் போவதற்கு எதிராக நிற்கும் வலுவான நியாயம் நோயாளியிடமிருந்து வருவதன்று. கூடவேலை செய்கிறவரிடமிருந்தே வருகிறது. நோயாளிக்குச் செவிலியர் பட்ட கடன் அந்த வேளைக்குரியது. பொறுப்பேற்றது முதல் அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வரையில் அது முழுமையானது, ஒரு நிமிஷமும் குறைக்க முடியாதது; ஆயினும் ஆயுட்காலம் முழுவதற்கும் எழுதிக்கொடுத்த சாஸனம் அன்று. தோழியின் காரியமோ வேறு. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரின் வடத்தைப் பிடித்தவர்களுக்கு, ஒருவர் கையை எடுத்தால் பாரம் எங்கே போய்ச் சேருகிறது என்பது தெரியும். அது தேரின்மேல் போவதில்லை, பக்கத்துக் கையில்தான் ஏறுகிறது. இந்த வேதனை மெய்யானது. "உன் வாழ்க்கையை நீ பார்" என்ற ஒற்றை வார்த்தையால் அதைத் தள்ளிவிடுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் ஆயிரம் பேர் இழுக்கவேண்டிய தேருக்குப் பத்துப் பேரை மட்டும் நிறுத்தியது யார் என்று கேளாமல், பத்தாவது ஆள் கையை எடுத்ததையே பாவம் என்பது, பழியைப் பலவீனமானவர் தோளில் இறக்கிவைப்பதாகும்.

நிறுத்தியவர்கள் தம் பங்குக்கு எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதையும் தராசில் வைக்கத்தான் வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக 2015-இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த ஆயிரக்கணக்கான செவிலியர், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில், இரண்டாண்டில் காலமுறை ஊதியம் வரும் என்ற எதிர்பார்ப்போடு உழைத்தார்கள். 2017 நவம்பர் இறுதியில் சென்னையில் கூடிப் போராடியபோது, நோயாளிகளின் நலத்தைக் காட்டி அவர்களைத் திரும்பச் சொன்னார்கள். கொரோனாக் காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கோ, 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பணி முடிந்தது. தனியார் பக்கத்திலும், உச்ச நீதிமன்றம் 2016-இல் இட்ட கட்டளையின் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைந்த சிறிய மருத்துவமனையானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரவேண்டும் என்று பரிந்துரைத்ததன் பின்னரும், அதில் பாதிக்கு உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைத்துக்கொண்டு போகவிடாமல் தடுக்கும் வழக்கமும் அற்றுப்போகவில்லை. தேதி குறித்து ஒருவரை அனுப்பிவிடத் தனக்கு உரிமை உண்டு என்று கருதும் ஸ்தாபனம், அவர் தாமாகத் தேதி குறித்துப் போகும்போது அதைத் துரோகம் என்று அழைக்கலாகாது. விசுவாசம் பரஸ்பரமானது.

இருந்துவிடுகிறவர்களைக் குறைத்துச் சொல்வது இதன் கருத்தன்று. உடம்பில் தெம்பும் வீட்டில் துணையும் இருந்து, தெரிந்தே நிற்கிறவர் வணக்கத்துக்குரியவர். சம்பளத்தை நம்பி அடுப்பெரியும் வீட்டில், நிற்பதா போவதா என்ற விசாரணைக்கே இடமில்லாமலும் இருக்கலாம். ஆனால் வாய் திறவாமல் நிற்பதில் ஓர் அபாயம் உண்டு: நான்கு பேர் வேலையை ஒருவர் எப்படியோ முடித்துவிடும் வரையில், மேலிடத்துக் காகிதங்களில் அந்த வார்டு குறைவில்லாமல் நடந்துகொண்டிருக்கும். அவருடைய தியாகமே பற்றாக்குறையை மூடும் திரையாகிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி புண்ணை மூடுவது ஆற்றுவதற்காக. இந்தத் திரையோ புண்ணை ஆறவிடாமல் மூடுகிறது.

இதே காரணத்தால், வாய் திறவாமல் போவதும் எனக்கு முழு நியாயமாகப் படவில்லை. 'சொந்தக் காரணங்களுக்காக' என்று ராஜிநாமாவில் எழுதுவது சம்பிரதாயம். அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை இரவுகள் புதைந்துவிடுகின்றன! போகிறவருக்கு, இருக்கிறவருக்கு இல்லாத ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. உண்மையான எண்ணை, இத்தனை படுக்கை, இத்தனை பேர், இன்ன தேதிகளில் தனியாக, என்று கையெழுத்திட்டு எழுதிவைக்கும் சுதந்திரம் அது. தோழிக்குப் பட்ட கடனை அடைக்க வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அறிவிப்புக் காலத்தை நேர்மையாக உழைத்து முடிப்பதும், அந்த மாதத்தின் டியூட்டிப் பட்டியலில் தன் பெயருக்கு நேரே விழுந்த இரவுகளை வேறொருவர் தலையில் கட்டாமலிருப்பதும் இதனோடு சேர்ந்தவை.

கடைசி இரவும் மற்ற இரவுகளைப் போலவேதான் விடியும். காலையில் அடுத்தவர் வந்ததும், முதல் படுக்கையிலிருந்து தொடங்கி, இவருக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது, இவருக்கு எட்டு மணி மருந்து பாக்கி, இந்தப் பாட்டிக்குத் துணை யாரும் இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் மாத்திரை விழுங்குவாள், என்று ஒவ்வொருவராகச் சொல்லி ஓவர் கொடுத்து, நோட்டில் ஆள் கணக்கை உள்ளபடி எழுதிவிட்டுப் பேனாவை நீட்டலாம்.