ஒளிபரப்புப் பணம் யாருக்கு உரியது?

ஒன்றைப் பலர் விரும்பிக் காண்கின்றனர். அதனால் பொருள் திரள்கின்றது. அப்பொருள் எவர்க்கு உரியது? அமெரிக்க நாட்டுக் கல்லூரிக் கால்பந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினாவை எழுப்பிக்கொண்டே இருக்கின்றது. விளையாட்டுச் செய்திதானே என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. பிள்ளைகளை அந்நாட்டிற்குப் படிக்க அனுப்பிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மேலும், வினா பங்கீட்டைப் பற்றியது.

அங்குக் கால்பந்து எனப்படுவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், பதினொருவரோடு பதினொருவர் மோதி ஆடுவது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆடுகளத்தில் மட்டும் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அமரலாம்.

தொலைக்காட்சி பரவத் தொடங்கியபோது, வீட்டிலேயே காணக் கிடைத்தால் மக்கள் ஆடுகளத்திற்கு வாரார் என்று கல்லூரிகள் அஞ்சின. ஆகவே 1951-இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒளிபரப்பைத் தன் கட்டுக்குள் கொணர்ந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இணங்க மறுத்துப் பார்த்தது; ஒதுக்கிவைக்கப்படும் நிலை வரவே பணிந்தது. பிற்காலத்தில் அக்கட்டுப்பாடு ஒருவகைப் பங்கீடாகவும் ஆயிற்று. 1982-இல் தொடங்கிய திட்டத்தின்படி, எக்கல்லூரியும் ஈராண்டுகளில் ஆறு முறைக்கு மேல் திரையில் தோன்றலாகாது. குறைந்தது 82 கல்லூரிகளுக்கேனும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. ஓக்லஹோமாவும் தென் கலிபோர்னியாவும் ஆடிய ஆட்டத்தை இருநூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒளிபரப்பின. அதே நாளில் சிட்டடெல், அப்பலாச்சியன் ஸ்டேட் என்னும் சிறு கல்லூரிகளின் ஆட்டத்தை ஒளிபரப்பியவை நான்கே நிலையங்கள். ஆயினும் நான்கு கல்லூரிகளும் பெற்ற தொகை ஒன்றே!

பெரிய கல்லூரிகள் இதைப் பொறுக்கவில்லை. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கில், 1984-இல் உச்ச நீதிமன்றம் எழுவர்க்கு இருவர் என்ற கணக்கில் சங்கத்தின் திட்டத்தைச் செல்லாததாக்கியது. விற்பவர்கள் ஒன்றுகூடி அளவைச் சுருக்கி விலையை உயர்த்துவது வணிகச் சட்டத்திற்கு மாறானது என்றது தீர்ப்பு. மாறுபட்ட இருவருள் ஒருவர் நீதிபதி பைரன் ஒயிட். அவர் இளமையில் கொலராடோ பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். கல்லூரி விளையாட்டைக் கல்வியின் பகுதியாகக் கருதாமல் வெறும் வணிகமாக எண்ணியதே பெரும்பான்மையோர் செய்த பிழை என அவர் வாதிட்டார்.

சமபங்கு என்றவுடன் நம் மனம் அப்பக்கமே சாய்கின்றது. ஆனால் அப்பங்கு யாரிடையே நிகழ்ந்தது? நிறுவனங்களிடையே. களத்தில் எலும்பு முறிய ஆடிய மாணவனுக்கு உதவித்தொகை அன்றி ஏதுமில்லை. 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற தொடரை 1950-களில் பரப்பியவர், சங்கத்தை நெடுங்காலம் நடத்திய வால்ட்டர் பையர்ஸ். காயமுற்ற மாணவர் தொழிலாளர்க்குரிய இழப்பீடு கோரிவிடலாகாது என்றே அத்தொடர் உருவாக்கப்பட்டதாக 1995-இல் வெளிவந்த தம் நூலில் அவரே கூறினார். ஒரு சொல்லின் பின்னே இத்துணைக் கணக்கு! பயிற்சியாளர் சிலர் ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் ஊதியம் பெறும் நிலை வந்த பின்னரும் மாணவர்க்கான விதி மாறவில்லை. 2021-இல்தான் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்கு அளித்துப் பொருளீட்ட அவர்கள் இசைவு பெற்றனர். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாக ஊதியம் வழங்கலாம் என்றாயிற்று. முதலாண்டிற்கான உச்சவரம்பு கல்லூரி ஒன்றுக்குச் சுமார் 20.5 மில்லியன் டாலர். இதனை நாம் நியாயமென்றே கருதுகின்றோம். உழைத்தவனை விட்டுவிட்டு ஏனையோர் பகிர்ந்துகொள்வது எவ்வகையிலும் சமபங்கு ஆகாது.

எனினும் ஒன்று நெருடுகின்றது. பங்கைப் பற்றி இத்துணை வழக்குகள் நடந்தன. விற்கப்பட்டது எது என்பதை நோக்கியோர் சிலரே. கல்லூரிகள் ஆட்டத்தை மட்டும் விற்கவில்லை. ஒஹாயோ, மிச்சிகன் பகுதிச் சிறிய பல்கலைக்கழகங்கள் நவம்பர்க் குளிரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகின்றன. சனிக்கிழமையில் பெரிய அணிகளே திரையை நிறைத்துவிடுவதால், வார நடுவில்தான் தம் பெயர் நாடெங்கும் தெரியும் என்பது கணக்கு. மறுநாட் காலையில் வகுப்பு உண்டு. அவ்வகுப்பில் அமரும் மாணவன் எந்நிலையில் இருப்பான் என்பதை ஆசிரியப் பணியில் இருந்த நமக்கு எவரும் சொல்லத் தேவையில்லை.

2022-இல் பிக் டென் கூட்டமைப்பு ஏழாண்டுகளுக்கு ஏழு பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட தொகைக்கு ஒளிபரப்பு உரிமையை விற்றதாகச் செய்திகள் கூறின. அவ்வீர்ப்பில், பசிபிக் கரையின் பழம்பெரும் கூட்டமைப்பிலிருந்து பத்துக் கல்லூரிகள் 2024-இல் வெளியேறின. ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் ஆகிய இரண்டே எஞ்சி நின்றன. அவை அமைந்துள்ளவை சிற்றூர்கள். தொலைக்காட்சிக்கு வேண்டிய பெருநகரக் கூட்டம் அங்கில்லை. பசிபிக் கரையோரத்து ஸ்டான்ஃபோர்டோ அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. நிலநூல் கற்பிப்போர் இதற்கு என்ன விளக்கம் அளிப்பரோ!

இம்மாற்றம் கால்பந்துப் பணத்தின் பொருட்டு நிகழ்ந்தது. ஆனால் ஸ்டான்ஃபோர்டில் கைப்பந்து ஆடும் மாணவியும் இன்று கண்டத்தின் மறுகோடிக்கு விமானம் ஏறிச் செல்கின்றாள். திரும்பி வருவதற்குள் சில பாடங்கள் நடந்து முடிந்திருக்கும். ஒப்பந்தம் எழுதப்பட்டபோது அவளை எவரும் கேட்கவில்லை.